பாலாறு: குரோமியம் மட்டுமா வில்லன்? சுத்திகரித்தாலும் போகாத உப்பு... டேனரி கழிவு பிரச்னை 30 வருஷமா தீராதது ஏன்?

வெளிநாட்டுக்குப் போகும் இந்திய ஷூ, பெல்ட், ஹேண்ட்பேக்கில் கணிசமான பங்கு ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இருந்துதான் போகிறது. அந்தத் தோலைப் பதனிட்ட கழிவு, பல வருஷமாக பாலாற்றிலும் அக்கம்பக்கத்து நிலத்திலும் கலந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் ஒரு தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. இவ்வளவு காலம் ஆகியும் ஏன் தீரவில்லை?

டேனரியில் என்ன நடக்குது?

பச்சைத் தோல் ஒரே நாளில் அழுகத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க உப்பு போடுகிறார்கள். 1 டன் தோலுக்கு சுமார் 300 முதல் 400 கிலோ உப்பு. டேனரிக்கு வந்ததும் தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்குவார்கள். அப்புறம் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்து முடியை அகற்றுவார்கள். அதன் பிறகுதான் பதனிடுதல்.

முன்பு ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்டார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் உப்பு வந்த பிறகு ஓரிரு நாளில் வேலை முடிந்தது, தோலும் மெத்தென்று கிடைத்தது. தொழில் வேகமாக வளர்ந்தது. கழிவும் கூடவே வளர்ந்தது.

குரோமியம் எவ்வளவு ஆபத்து?

குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். டேனரியில் பயன்படுவது மூன்றிணைதிற குரோமியம். இதன் நச்சுத்தன்மை ஒப்பீட்டளவில் குறைவு. ஆறிணைதிற குரோமியம்தான் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு இந்த வகை. ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அங்கே மலைபோல் குவிந்து, நிலத்தடி நீரில் கசிந்தது.

சரி, உப்பு என்ன பண்ணும்?

இதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. குரோமியத்தைக் கழிவுநீரில் இருந்து பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். சாதாரண உப்புக்கு அந்த வழி எளிதல்ல. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்காது. தண்ணீரில் முழுசாகக் கரைந்துவிடுவதால் வழக்கமான சுத்திகரிப்பிலும் அது போகாது.

பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும் ஆறு. கழிவை நீர்க்கச் செய்ய ஓடும் தண்ணீர் இல்லை. அதனால் உப்பு மணலில் இறங்கி, கிணற்றுக்குப் போய், பாசனம் வழியாக வயலுக்கு வந்து சேர்ந்தது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை 1996 தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையம் இருக்கே?

இருக்கிறது. நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயமாகின. அடுத்த கட்டமாக, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறை வந்தது. தண்ணீரைச் சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். மின்சாரச் செலவு அதிகம். கடைசியில் கையில் மிஞ்சுவது அதே உப்புதான், மற்ற ரசாயனங்களோடு கலந்த நிலையில். அதை வாங்க ஆள் இல்லை. மூட்டையாகவும் குவியலாகவும் தேங்குகிறது. மழையில் நனைந்தால் மறுபடி மண்ணுக்கே!

கழிவைத் தேக்கிவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை ராணிப்பேட்டை சிப்காட் பார்த்திருக்கிறது. 2015 ஜனவரி 31-ல் அங்கே கழிவுச்சேறு தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அழுத்தமாகச் சொன்னது 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. அதன்படி அமைந்த ஆணையம், 547 ஆலைகளிடம் வசூலித்து 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் தர 2001-ல் உத்தரவிட்டது. ஆனால், கணக்கிட்டது 1998 டிசம்பர் வரையிலான பாதிப்பை மட்டும்தான். மண்ணில் இறங்கிய உப்பு அந்தத் தேதியோடு நின்றுவிடவில்லையே!

2025 தீர்ப்பு கைவைத்தது இந்த இடத்தில்தான். இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு 6 வாரத்தில் அரசு கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட சூழல் சரியாகும் வரை ஆலைகளின் பொறுப்பு தொடரும்.

அப்போ மூடிடலாமா?

அது அவ்வளவு சுலபமில்லை. இந்த வட்டாரத்தில் ஏராளமான குடும்பங்களுக்கு, குறிப்பாக ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு, இதுதான் மாதச் சம்பளம். நிலம் உப்பேறியதால் விவசாயத்தை விட்டவர்களுக்குத் திரும்பிப் போக வயலும் இல்லை.

உப்பைக் குறைக்க வழி இருக்கிறது. ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைப் பிரிக்கலாம். குளிரூட்டிக் கொண்டுவந்தால் உப்புத் தேவையே குறையும். பதனிடும் கட்டத்தில் தண்ணீரே தேவைப்படாத குரோம் முறையை சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. ஆனால் இவை எல்லாம் இனிமேல் சேரும் கழிவைத்தான் குறைக்கும். ஏற்கெனவே மண்ணில் இறங்கிய உப்பை வெளியேற்ற நல்ல தண்ணீரும் காலமும் வேண்டும், அதற்குப் பெரிய பணமும் வேண்டும். அந்தப் பணத்தை யாரிடம் இருந்து, எப்படி வசூலிக்கப்போகிறார்கள் என்பதில்தான் 2025 தீர்ப்பின் பலன் இருக்கிறது.