கட்டக் கூடாது என்றால் கூட இருக்க ஆள் வேண்டும்

சினிமாவில் ஒருவர் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொன்னாலே தியேட்டர் சிரிக்கும். ஓர் ஊர்ப் பெயரை வசைச்சொல்லாக மாற்றிய பெருமை நம்முடையது. 1871 முதல் அங்கே இயங்கிவரும் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் சுமக்கும் களங்கத்தைப் பற்றி இப்போதாவது பேசத் தொடங்கியிருக்கிறோம். அதே வாசலுக்குள் தினமும் டிபன் பாக்ஸோடு நுழைகிற செவிலியரையும் வார்டு உதவியாளரையும் பற்றி யாரும் பேசுவதில்லை. “அங்கேயா வேலை? பயமா இல்லையா?” என்ற கேள்வி அவர்களுக்குப் பழகிவிட்டது.

அவர்களைப் பற்றி இப்போது பேச வேண்டியதற்குக் காரணம் இரக்கமல்ல, சட்டம்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பதில் சொல்வதுபோல, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்தது. தனியறையில் பூட்டிவைக்கவும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரம் மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது 97ஆவது பிரிவு. அதே பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு வரி உண்டு: ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி எந்த நோயாளியையும் கட்டக் கூடாது.

சட்டம் எழுதியவர்களுக்கு வார்டு தெரிந்திருக்கிறது. ஆனால் கட்டாமல் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் வேண்டும் என்று அந்த வரி சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்கு ஒருவர் சுவரில் தலையை மோதிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் அருகில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார், தண்ணீர் தருவார், வராந்தாவில் கொஞ்சம் நடக்கவைப்பார். மற்றவர் மருத்துவரை அழைத்துவிட்டு மீதிப் பேரைக் கவனிப்பார். முக்கால் மணி நேரத்தில் அந்த மனிதர் அடங்கிவிடக்கூடும். இருப்பது ஒரே ஒருவர் என்றால் கை துணிப்பட்டையைத்தான் தேடும். அந்த ஊழியர் கொடுமைக்காரர் அல்ல. ஒருவரிடம் போனால் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டுமே அவருடைய கணக்கு.

அந்த ஒருவரின் நிலை என்ன? தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் செவிலியர்களைத் தேர்வு வைத்து எடுத்தபோது கொடுத்த மாதத் தொகுப்பூதியம் ரூ.7,700. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017இல் சென்னையில் திரண்டார்கள். பின்னர் தொகை உயர்ந்தது, நிரந்தரம் கேட்கும் போராட்டம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அரசு மருத்துவமனைகளின் துப்புரவும் காவலும் ஒப்பந்த நிறுவனங்களின் கைக்குப் போய் நீண்ட காலமாகிறது. நோயாளியின் கையைப் பிடித்துக் குளிக்கவைப்பவரும், சோறு ஊட்டுபவரும், வாசலில் நிற்பவரும் மருத்துவமனையின் ஆட்களே அல்ல என்றால், 97ஆவது பிரிவை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

மற்ற மருத்துவத் துறைகளில் ஆள் மாறினாலும் வேலை ஓரளவு நடக்கும். எக்ஸ்ரே எடுப்பவர் யார் என்று எலும்புக்குக் கவலையில்லை. மனநலச் சிகிச்சையில் அந்த முகமே மருந்தின் ஒரு பகுதி. ஆறு மாதம் வாய் திறக்காத ஒரு பெண், ஒரு ஆலோசகரிடம் முதன்முறையாகத் தன் வீட்டைப் பற்றிப் பேசுகிறாள். அடுத்த மாதம் அந்த ஆலோசகரின் ஒப்பந்தம் முடிகிறது. புதிதாக வருபவரிடம் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் தொடங்க மாட்டாள். தொகுப்பூதியத்தால் மிச்சமாகும் பணத்துக்கு இப்படி விலை கொடுப்பது அவள்தான்.

ஊழியர் அடிவாங்கும் விஷயமும் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. மனநல வார்டில் அது பெரிதாக உதவாது. நோயின் உச்சத்தில் கடித்தவர்மீது வழக்குப் போடுவது முறையுமல்ல, எந்த நல்ல செவிலியரும் அதைக் கேட்கவுமாட்டார். அவருக்குத் தேவை, ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் சம்பளப் பிடித்தம் இல்லாமல் வீட்டில் இருக்க ஒரு விடுப்பு. நடந்ததை உட்கார்ந்து பேச ஒரு அரை மணி நேரம். தேவைப்பட்டால் தன் மருத்துவமனைக்கு வெளியே, சக ஊழியர்கள் அறியாமல் போய்ப் பார்க்க ஒரு ஆலோசகர். பணியிடத்தில் தீராத மன அழுத்தம் ஆளையே வற்றவைக்கும் நிலையை, வேலையோடு பிணைந்த பிரச்சினையாக 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துவிட்டது. இங்கே நிர்வாகங்களுக்கு உலக மனநல தினமான அக்டோபர் 10 வந்தால் யோகா வகுப்பு நினைவுக்கு வருகிறது. வார ஓய்வு ஒழுங்காகக் கிடைத்தால் யோகாவை அவரவரே பார்த்துக்கொள்வார்கள்.

ஊழியர்கள் எல்லோரும் தியாகிகள் என்று நாம் வாதாடவில்லை. மனநல விடுதிகளில் கை நீட்டுபவர்களும் உண்டு, அவர்களுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் லண்டன் பெத்லம் மருத்துவமனையில் 2010இல் ஓர் இளைஞர் காவலர்கள் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததில் உயிரிழந்ததற்குப் பிறகு, இங்கிலாந்து 2018இல் இயற்றிய சட்டம் என்ன சொன்னது என்பதையும் கவனிக்க வேண்டும். மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகம் பதிவாக வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது நிர்வாகத்தின் கடமை என்று அது எழுதிவைத்தது.

பணம் எங்கே, ஆள் எங்கே என்று கேட்பார்கள். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருப்பதாக 2023இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. மருத்துவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஒப்புக்கொள்கிறோம். வார்டு உதவியாளரை நிரந்தரமாக்க ஓர் அரசாணை போதும்.

மனநல நிபுணர் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுக்கு உயர்த்த அரசு முயல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் கொடுத்த கெடு பத்தாண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. கெடு 2028 மே மாதம் முடிகிறது. அதற்குள் தமிழ்நாடு அரசு நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கும் எந்த வேலையையும் ஒப்பந்த நிறுவனத்திடம் விடுவதை நிறுத்த வேண்டும். மனநல நிலையங்களுக்கான தர விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில மனநல ஆணையத்துக்கு இருக்கிறது. பகலில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், இரவில் எத்தனை என்பதை அரசு, தனியார் இரண்டுக்கும் பொதுவாக அந்த விதியில் எண்ணாகவே எழுத வேண்டும். அந்த எண்ணையும், அன்றிரவு உண்மையில் பணியில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு வார்டு வாசலிலும் கரும்பலகையில் எழுதிவைக்கட்டும். பார்க்க வரும் உறவினர்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரியும்.