தாத்தாவின் உளி எங்கே?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும் நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர், கையோடு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்கும் போய் மடக்குக் கத்தி தேடுகிறார்கள். 1890-இல் பிரான்சில் தோன்றிய ஒப்பினெல் போன்ற கத்திகளைச் சேர்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. நல்ல பழக்கந்தான். ஆனால், தம்பி, உங்க தாத்தா பால் வெட்டிய உளி எங்கே? ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் பழைய இரும்புக்காரனிடம் போட்டாச்சா?

1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி துரை, பட்டையை மெல்லச் சீவினால் மரம் சாகாமல் மறுபடி மறுபடி பால் தரும் என்று காட்டினார். புத்தகங்களில் அவர் பெயர் இருக்கிறது. அந்தச் சீவலை விடியற்காலையில் மரத்துக்கு மரம் செய்தது யார் கை? ஆழமாய்ப் போனால் மரத்தில் காயம். மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவு தெரிந்த கைக்குக் கூலி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

ஆகவே தோழர்களே, கத்தி சேர்ப்பவர்கள் உளியையும் சேருங்கள். துருவைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். பிடித்தவர் பெயர், தோட்டம், வேலை செய்த ஆண்டுகள், மூன்றையும் அட்டையில் எழுதிக் கட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை: எந்தக் கத்தியானாலும் வீட்டிலேயே இருக்கட்டும். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைதான்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறகு உளி இருக்கும். யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.