'நோ... நோ...' சொன்ன விரல். அம்மா பெயரில் ஓர் ஆஸ்பத்திரி!

7 அடி 2 அங்குல உயரம். எதிரணி வீரர் கூடையை நோக்கி எறியும் பந்தை எகிறித் தட்டிவிடுவார். அடுத்த நொடி, ஆள்காட்டி விரலை இடமும் வலமுமாக ஆட்டுவார். 'நம்மகிட்ட நடக்காது தம்பி' என்று அர்த்தம்! 90-களில் என்.பி.ஏ. கூடைப்பந்து பார்த்தவர்களுக்கு, டிகெம்பே முட்டோம்போ என்றாலே அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால், அவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியது பந்து விளையாட அல்ல... டாக்டர் ஆக!

காங்கோ நாட்டின் தலைநகர் கின்ஷாசாவில் 1966-ல் பிறந்தவர். 1987-ல் உதவித்தொகை பெற்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்து முடித்து, சொந்த ஊரில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது ஆசை. அந்த உயரத்தைப் பார்த்த கோச் ஜான் தாம்ஸன் சும்மா விடுவாரா? அணிக்குள் இழுத்துவிட்டார். மருத்துவக் கனவு பாதியில் நின்றது. மொழியியலும் ராஜதந்திரமும் படித்துப் பட்டம் வாங்கினார்.

1991-ல் டென்வர் நக்கெட்ஸ் அணியில் தொடங்கியது பயணம். மொத்தம் 18 சீசன்கள், 3,289 பிளாக்குகள். என்.பி.ஏ. வரலாற்றில் அவரைவிட அதிகம் தடுத்தவர் ஹக்கீம் ஒலாஜுவான் மட்டுமே. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது 4 முறை. 1994 பிளே ஆஃபில், 8-வது இடத்தில் இருந்த டென்வர், முதலிடத்தில் இருந்த சியாட்டிலை வீழ்த்தியது. அதுவரை யாரும் செய்யாத சாதனை அது. பந்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி முட்டோம்போ தரையில் மல்லாந்து கிடந்து சிரித்த காட்சி, இன்றும் ரசிகர்களுக்குப் பிடித்தது.

புகழ், பணம் எல்லாம் வந்தது. ஆனால், ஊரில் அவர் அம்மா பியாம்பா மரிக்கு உடம்பு முடியாமல் போனபோது, உள்நாட்டுக் கலவரத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. வீட்டிலேயே உயிர் பிரிந்தது.

பந்தைத் தடுக்கத் தெரிந்த மகனால், அதைத் தடுக்க முடியவில்லை.

கின்ஷாசாவில் ஒரு பெரிய மருத்துவமனை கட்ட முடிவுசெய்தார். 2001-ல் அடிக்கல் நாட்டியும், பணம் சேராமல் கட்டட வேலை தொடங்கவே 2004 ஆனது. செலவு சுமார் 2.9 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேல் அவர் கைக்காசு. 2007-ல், 300 படுக்கைகளோடு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது அந்த மருத்துவமனை. வாசலில் அம்மாவின் பெயர்.

2009-ல் முழங்கால் காயத்தோடு ஓய்வு. 2015-ல் கூடைப்பந்தின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம். 2024 செப்டம்பர் 30-ல் மூளைப் புற்றுநோயால் 58 வயதில் காலமானார்.

டாக்டர் ஆகியிருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்திருப்பாரோ... ஆகாமல் போனதால், ஊருக்கே ஓர் ஆஸ்பத்திரி கிடைத்தது!