பழைய மாலும் புதிய பசுமையும்

சென்னை மவுண்ட் ரோடில், இன்று அண்ணா சாலை என வழங்கும் அப்பெருவீதியில், ஸ்பென்ஸர் பிளாஸாவைக் கடந்து செல்லும் பழைய சென்னைவாசிகள் ஒரு கணம் மனம் கனக்காமல் போவதில்லை. ஆங்கிலேயர் காலத்து ஸ்பென்ஸர் கம்பெனியின் கட்டடம் 1983-ல் தீக்கிரையானபின், அதே மனையில் எழுந்து 1991-ல் திறக்கப்பட்டது இந்த மால். வெளியூரிலிருந்து வந்தோர் மெரினாவைப் பார்த்த கையோடு இதனையும் பார்த்துவிட்டே ஊர் திரும்பிய காலம் ஒன்றிருந்தது. பின்னர் 2006-ல் சிட்டி சென்டர், 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரியில் பீனிக்ஸ் என வரிசையாகப் புதிய மால்கள் தோன்றவே, ஜனங்களின் கால்கள் அப்பக்கம் திரும்பின. மூப்பு மனிதருக்கு மட்டுமன்று, கட்டடங்களுக்கும் உண்டு.

இத்தகைய பழைய மால்களுக்கு உலகெங்கும் இப்பொழுது சொல்லப்படும் மருந்து, இயற்கையை உள்ளே கொணர்க என்பதாகும். சுவரில் கொடி படர வேண்டும். நடுக்கூடத்தில் அருவி விழ வேண்டும். தூண்கள் மரங்களைப் போல் தோன்ற வேண்டும் என்கின்றனர் சிற்பிகள். உறுதியான கட்டடத்தை இடித்தெறிவதைக் காட்டிலும் திருத்திக்கொள்வதே விவேகம் என்பதால், இந்நோக்கத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் அது எவ்விதம் நிறைவேற்றப்படுகிறது, அதன் செலவு எவர் தலையில் விழுகிறது என்னும் இரண்டையும் ஆராயாமல் கைதட்டுவது பத்திரிகைத் தர்மமாகாது.

இந்த யோசனை புதியதுமன்று. 1938-ல் ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி வியன்னாவை விட்டு அமெரிக்கா சென்ற விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர், மினஸோட்டா மாகாணத்தில் 1956-ல் திறக்கப்பட்ட சவுத்டேல் மாலை அமைத்தார். முழுவதும் மூடிய கூரையும், குளிரும் வெப்பமும் அளவுபட்ட காற்றும் கொண்டதாய் அமெரிக்காவில் எழுந்த முதல் மால் அதுவே. அதன் நடுவே மரங்களையும் மீன்குளத்தையும் பறவைக் கூண்டையும் வைத்தார். வீடுகளும் பள்ளிகளும் பூங்காக்களும் சூழ, ஊரார் கூடிப் பேசும் சதுக்கமாக அது விளங்க வேண்டுமென்பது அவர் கனவு. வியாபாரிகளோ கூடத்தையும் வண்டி நிறுத்துமிடத்தையும் எடுத்துக்கொண்டு, கனவை மட்டும் கைவிட்டனர். தம் பெயரால் பெருகிய மால்களைத் தம்முடையவை அல்லவென்று அவரே தமது முதுமையில் வெளிப்படையாக மறுத்துவிட்டார். பசுமையை அலங்காரமாக மட்டும் கொள்வோருக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமோ?

மேலும், நிழலும் நீரும் காற்றும் சேர்ந்த வியாபார ஸ்தலத்தை நாம் பிறரிடமிருந்தா கற்க வேண்டும்? திருமலை நாயக்கர் எழுப்பிய மதுரைப் புதுமண்டபத்தில் தையற்காரரும் வளையல் வியாபாரிகளும் நெடுங்காலம் கடை பரப்பியிருந்தனர். கற்றூண்களின் குளிர்ச்சியே அங்கே விசிறி. நமது வீட்டு முற்றம் வெளிச்சத்தையும் மழையையும் உள்ளே அழைத்தது. கோயில் நந்தவனமும் திருக்குளமும் ஊருக்கே மூச்சாக இருந்தன. இவையெல்லாம் அலங்காரத்திற்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல, வேலை செய்தவை. இந்தப் பாரம்பரியத்தை உடைய நாம், பிளாஸ்டிக் இலையைச் சுவரில் ஒட்டி அதற்கு இயற்கை என்று பெயரிடுவது வெட்கத்திற்குரியது. தூசி படிந்த அவ்விலை நிழல் தராது, காற்றைக் குளிர்விக்காது. தீப்பற்றினாலோ நச்சுப் புகையைக் கக்கும். இரு பெரிய அங்காடிகளைத் தீக்கு இரையாக்கிய நகரம் இதனை மறக்கலாகாது.

ஆகவே திருத்த வேலை கூரையிலிருந்து தொடங்கட்டும். நேர்வெயிலை விலக்கி வெளிச்சத்தை மட்டும் இறக்கும் வடதிசைச் சாளரங்கள் வேண்டும். வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற வழி வேண்டும். பகலில் விளக்கெரியும் இருண்ட நடைகள் ஒழிந்தாலே மின்சாரச் செலவு குறையும். செடிகளும் நமது புழுக்கத்தில் தழைப்பவையாக இருக்கட்டும்: வெளிமுற்றத்தில் புங்கமும் வேம்பும், உள்ளே குறைந்த ஒளியில் வாழும் கொடிகளும் போதும். அவற்றிற்குக் குடிநீரை இறைப்பது பாவம். 2015-ல் வெள்ளத்தில் மிதந்து, 2019-ல் ஏரிகள் வறண்டு குடத்துடன் நின்ற நகரம் இது. குளிர்சாதனங்களிலிருந்து நாள்தோறும் வடியும் நீரும், 2003-ல் சர்க்கார் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பும் இருக்க, லாரித் தண்ணீரில் அருவி ஓடவிடுவது எந்த நியாயம்?

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைக்காரர் நிலைமை. பழைய மால்களில் இன்றும் விளக்கேற்றி வைத்திருப்பவர்கள் சிறு வியாபாரிகள்: கைப்பேசி பழுது பார்ப்போர், துணி விற்போர், கைவினைப் பொருள் விற்போர். கூட்டம் குறைந்த காலத்திலும் வாடகை கொடுத்துக் காத்தவர்கள் அவர்களே. புதுப்பித்தல் என்ற பெயரால் அவர்களை வெளியேற்றி, வாடகையை இரட்டிப்பாக்கிப் பெரிய கம்பெனிகளைக் குடியேற்றுவார்களாயின், பசுஞ்சுவர் யாருக்காக?

இதற்கு முன்னுதாரணம் நம் கண்முன்னே நிற்கிறது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபின், அதன் வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டது. இன்று அங்கே அல்லியும் இல்லை, குளமும் இல்லை. பெயர் ஒன்றே எஞ்சியது. பழைய மார்க்கெட்டின் கூட்டமும் அவர்களைத் தொடர்ந்து வரவில்லை. இயற்கையையும் இழந்து, வியாபாரத்தையும் இழந்த அக்கதை மறுமுறை நடக்கலாகாது.

இவ்வளவு செய்தால் வியாபாரம் பெருகுமா எனச் சிலர் கேட்கலாம். வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் பொருள் வாங்கும் இக்காலத்தில், பொருளுக்காக மட்டும் எவரும் மாலுக்கு வரப்போவதில்லை. உட்கார நிழலும், பேசத் துணையும், வயோதிகர் நடக்க இடமும் இருந்தால் வருவார்கள். வந்தவர்கள் வாங்கவும் செய்வார்கள்.

எனவே நாம் கேட்பவை மூன்று. வேலை பகுதி பகுதியாக நடைபெற்று, எந்தக் கடையும் முற்றிலும் மூடப்படாதிருக்க வேண்டும். பழைய கடைக்காரருக்கு நியாயமான வாடகையில் திரும்பும் உரிமை எழுத்து மூலம் தரப்பட வேண்டும். தண்ணீர், மின்சாரக் கணக்குகள் பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். மால்களின் உடைமையாளரும் நகராட்சியும் இவற்றை ஏற்பார்களாயின், முதுமை எய்திய கட்டடங்கள் மீண்டும் தளிர்க்கும். ஏற்காவிடில், சுவரில் பச்சை ஏறும்; சிறு வியாபாரியின் அடுப்பில் பூனை உறங்கும்.