இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?

நடுகல் நாட்டுதலைத் தொல்காப்பியம் ஆறு படிநிலைகளாக வகுக்கிறது என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லிவருகிறோம். செங்கம் பகுதிக் கற்களை எடுத்துக்காட்டி, ஆநிரைப் பூசலில் மாண்ட சாதாரண வீரனுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் மாண்டான் என்ற கணக்கும் உண்டு என்று பெருமிதம் கொள்கிறோம். பெருமிதத்தில் பிழையில்லை. ஆனால் பல்லவர் காலத்தில் மாடு மீட்கப் போனவனின் இறப்பாண்டை அறிந்த நமக்கு, அறுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு கூத்து வாத்தியாரின் இறப்பாண்டை அறிய வழியில்லை. இந்த முரணைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

நண்பர்கள் நாங்கள் மூவர். பழைய தென்னார்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த கூத்து வாத்தியார் ஒருவர் எழுதி, சிறுநூல்களாக அச்சிட்ட பிரதிகள் சிலவற்றைத் தேடித் தொகுத்து வைத்திருக்கிறோம். அவற்றை மறுபதிப்புச் செய்ய 2025ஆம் ஆண்டில் முடிவெடுத்தோம். முதல் கேள்வியே எங்களைத் தடுத்து நிறுத்தியது: அவர் எப்போது இறந்தார்?

இது வெறும் அடிக்குறிப்புச் சிக்கல் அன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். வாத்தியாரின் பேத்தி, அறுபதைத் தாண்டிய அம்மையார், எங்களிடம் சொன்னது இவ்வளவே: "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழியில தாத்தா போயிட்டாருன்னு அப்பா சொல்லுவார்." புயல் 1964 டிசம்பரில் வந்தது. மார்கழியோ ஜனவரி நடுப்பகுதி வரை நீள்வது. அவர் டிசம்பரில் இறந்திருந்தால் 2025 தொடங்கியதுமே நூல்கள் பொதுவுடைமை. ஜனவரியில் இறந்திருந்தால் மேலும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். பேத்தியின் சம்மதம் கிடைத்தது. ஆயினும் மற்ற வாரிசுகள் எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியவில்லை. நூலின் முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயருக்குக் கீழே இறந்த நாளை அச்சிட வேண்டும் என்பது மட்டுமே அவர் எங்களிடம் வைத்த கோரிக்கை.

உரிய அலுவலகத்துக்குச் சென்றோம். விண்ணப்பத்தைப் படித்த எழுத்தர் கேட்டார்: "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு சார்?" வாசகர் என்றோம். சிரித்தார். அடுத்த முறை பேத்தியை அழைத்துச் சென்றோம். "வாரிசுச் சான்று கொண்டாங்கம்மா" என்றார். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க இறப்புச் சான்று வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மூன்றாம் முறை, அந்த ஆண்டுக் கட்டே இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். இல்லை என்பதையாவது எழுதிக் கொடுங்கள் என்றோம். அதற்கும் மறுப்பே கிடைத்தது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாநில விதிகளுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டு, 'எவரும்' பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடச் செய்யலாம், அதன் பகர்ப்பைப் பெறலாம் என்கிறது. அந்தப் பகர்ப்பில் இறப்புக்கான காரணம் மட்டும் வெளிப்படலாகாது என்று ஒரு வரம்பையும் விதிக்கிறது. எதை மறைக்க வேண்டுமோ அதைச் சட்டமே மறைத்துவிட்டு, மற்றதைத் திறந்து வைத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் பகர்ப்பைச் சான்றிதழாக மாற்றியதே தவிர, 'எவரும்' என்ற சொல்லைத் தொடவில்லை. அப்படியானால் 'என்ன உறவு?' என்ற கேள்வி எங்கிருந்து வந்தது? சொத்திலிருந்து வந்தது. இறப்புச் சான்று என்றாலே பட்டா மாற்றம், வாரிசுரிமை, காப்பீடு என்று பழகிவிட்ட அலுவலக மனத்துக்கு, சொத்துக்கு வராத ஒருவர் ஐயத்துக்குரியவராகத் தெரிகிறார்.

இந்த மனம் அலுவலகத்தில் மட்டும் குடியிருக்கவில்லை. பேத்தியிடம் அவருடைய பாட்டி எப்போது இறந்தார் என்று கேட்டோம். "அத யாரு பதிஞ்சாங்க? நெலமா நீச்சா, அதுக்குச் சீட்டு வாங்க?" என்றார். சொத்தில்லாதவர் இறந்ததற்குச் சாட்சி தேவையில்லை என்ற தீர்ப்பை அவரே தம் பாட்டிக்கு வழங்கிவிட்டார். வேறு தீர்ப்பு ஒன்று இருக்கக்கூடும் என்று அவருக்கு நாம் என்றைக்குச் சொன்னோம்?

பதிவேடுகளின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுக்கெனத் தனிச்சட்டம் வந்தது. கிராமத்தில் பதிந்தவர் முன்சீப். 1980ஆம் ஆண்டில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஒழிக்க வேண்டிய முறைதான், ஐயமில்லை. பழைய ஏடுகள் அதன்பின் கைமாறின. தென்னார்க்காடு 1993இல் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் ஏடு எந்த அலுவலகத்தின் பரணில் இருக்கிறது என்பதுதான் புதிர். போதாக்குறைக்கு, இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், வாழ்ந்த இடத்தில் அன்று. வெளியூர் மருத்துவமனையில் உயிர் பிரிந்தால் சொந்த ஊர் ஏட்டில் அவர் சாகாதவர். நமது மக்களோ திதியையும் மாதத்தையும் நினைவில் வைப்பவர்கள். ஏடோ ஆங்கிலத் தேதி வரிசையில் ஓடுவது, பெயரகராதி இல்லாதது. ஓர் ஆண்டுக்கு இவ்வளவு என்று தேடல் கட்டணம் கட்டி, ஆண்டாண்டாகத் துழாவ வேண்டும்.

பழைய பதிவுகளைத் திறந்துவிட்டால் மோசடிக்கு வழியாகும் என்பார்கள். ஆள்மாறாட்டத்தில் நிலம் பறிபோகும் நாட்டில் இந்த அச்சத்தைப் புறந்தள்ள இயலாதுதான். ஆனால் இறந்தவரை உயிரோடிருப்பவராகக் காட்டுவதும் அத்தகைய மோசடிதான். பூட்டிய ஏடு அதற்கே துணைபோகிறது. எவரும் பார்க்கக்கூடிய பதிவு, பொய்யை எவரும் மறுக்கக்கூடிய பதிவுமாகும். அயர்லாந்தில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இறப்புப் பதிவுகளின் மூலப் பக்கங்களைப் படங்களாகவே இணையத்தில் இலவசமாகக் காணலாம். ஒரு கடைக்கோடிக் கவுண்டியின் கூலித் தொழிலாளி இறந்த நாளை இங்கிருந்தபடியே நாம் படித்துவிடலாம். நம் வட்டத்தின் வாத்தியார் இறந்த நாள்தான் எட்டவில்லை.

எழுத்தரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நேர்மையன்று. நாற்பது வேலைகளுக்கு நடுவே அறுபதாண்டுக் கட்டை அவிழ்க்க அவருக்கு ஆளில்லை, அலமாரியில்லை. நாம் என்ன செய்தோம்? பாரதியார் 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைக் கடந்து மறைந்தார் என்பதால், நினைவு நாள் பதினொன்றா பன்னிரண்டா என்று பக்கம் பக்கமாக விவாதித்தோம். விவாதிக்க வேண்டியதுதான். அதே கையால் கூத்துக் கலைஞர்களையும் சிற்றிலக்கியப் புலவர்களையும் 'காலம் தெரியவில்லை' என்ற இரண்டு சொற்களில் அடக்கம் செய்தோம். தெரியவில்லை என்று எழுதியவர்களில் எத்தனை பேர் ஓர் அலுவலகப் படியேறித் தேடிவிட்டு எழுதினோம்? முனைவர் பட்ட ஆய்வேடுகளை மேற்பார்வையிடும் எங்களைப் போன்றோரே, ஒரு மாணவரையாவது அந்தப் படிகளில் ஏற்றியதுண்டா? கேட்டுப் பழகாத உரிமையை அலுவலகம் மறந்துபோனதில் வியப்பென்ன?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இறப்புப் பதிவேடுகளைச் செல் அரிக்குமுன் படமெடுத்துப் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும். ஏடு இல்லையென்றால், இல்லை என்பதை எழுத்தில் தர வேண்டும். உறவு கேட்கும் வழக்கத்தைப் பழைய பதிவுகளின் மட்டிலாவது கைவிட வேண்டும். நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: தேடாமல் 'தெரியவில்லை' என்று எழுதுவதில்லை.

நூல் வரும். நாள் அச்சாக வேண்டிய இடத்தை வெற்றாக விடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்; ஊகத்தை இட்டு நிரப்பப்போவதில்லை. அதற்கிடையே நான்காம் முறையும் செல்வோம். என்ன உறவு என்று கேட்டால், இம்முறையும் வாசகர் என்றே சொல்வோம்.