தல வந்தா போதுமா, மேட்ச் ஜெயிக்க வேணாமா?

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை ராத்திரி. ஹாஸ்டல் டிவி ரூம்ல நிக்கக்கூட இடமில்லை. சேப்பாக்கத்துல சிஎஸ்கேவும் ஆர்சிபியும் மோதுது. நமக்கு டார்கெட் 197. விக்கெட் மேல விக்கெட்டா விழுந்துட்டு இருக்கு. ஏழாவது விக்கெட்டா அஸ்வின் அவுட் ஆனதும் ரூமே அதிருது. விசில், தட்டு, பக்கெட்னு கையில கிடைச்சதையெல்லாம் எடுத்துத் தட்டுறாங்க. நம்ம டீமோட விக்கெட் விழுந்ததுக்குத்தான் இவ்வளவு சந்தோஷம். ஏன்னா ஒன்பதாவது ஆளா தல இறங்கப் போறாரு.

இறங்கினாரு. 16 பந்துல 30 நாட் அவுட். கடைசி ஓவர்ல க்ருணால் பாண்டியாவை ரெண்டு சிக்ஸ் வெளுத்தாரு. நாங்க தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினோம். அப்போ பின்னாடி நின்ன ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் மெதுவா கேட்டான்: "அண்ணே, நாம தோத்துட்டோம்ல?"

"டேய், தல சிக்ஸ் அடிச்சிருக்காருடா, உனக்கு இப்ப அதுவா முக்கியம்?"னு எல்லாரும் அவனை ஓட்டினாங்க. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். ஆனா 50 ரன் வித்தியாசத்துல தோத்திருந்தோம். 2008-க்கு அப்புறம் சேப்பாக்கத்துல ஆர்சிபி நம்மளை ஜெயிச்சதே அன்னிக்குத்தான். மறுநாள் காலையில என் போன்ல வந்தது பூரா அந்த ரெண்டு சிக்ஸ் வீடியோதான். 17 வருஷக் கோட்டை இடிஞ்ச கதையைத் தேடிப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது.

அந்தத் தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. அதை ஏன் கேட்கவே கூடாதுங்கிற மாதிரி ஆகிப்போச்சு? அதைப் பத்தித்தான் இந்தத் தீபாவளி இதழ்ல எழுதறேன். திட்டணும்னா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். நான் தோனி ஹேட்டர் இல்லை. நம்மள்ல பெரும்பாலானவங்க 2004, 2005, 2006-ல பிறந்தவங்க. 2008-ல சிஎஸ்கே ஆரம்பிச்சப்போ நமக்கு நடந்து பேசத் தெரிஞ்சிருந்தாலே பெரிசு. அஞ்சு கப்பையும் (2010, 2011, 2018, 2021, 2023) தூக்கின கேப்டன் ஒரே ஆள்தான். டீமைத் தடை பண்ணின 2016, 2017-ஐ விட்டா, தோனி இல்லாத சிஎஸ்கேவை நாம பார்த்ததே இல்லை. அவரைப் பத்திப் பேசும்போது நம்ம குழந்தைப் பருவத்தைப் பத்தியும்தான் பேசறோம். அதான் இவ்வளவு கோபம் வருது.

இப்போ கணக்குக்கு வருவோம். இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ்தானே நாம.

2023-ல அவரு எடுத்தது 104 ரன்தான், ஆனா ஸ்ட்ரைக் ரேட் 182. முழங்கால் வலியோடயே சீசன் முழுக்கக் கேப்டனா ஆடி, கப் வாங்கின கையோட ஆபரேஷனுக்குப் போனாரு. 2024-ல 161 ரன், ஸ்ட்ரைக் ரேட் 220. வான்கடேல ஹர்திக் பாண்டியாவைத் தொடர்ந்து மூணு சிக்ஸ் அடிச்சு 4 பந்துல 20 ரன் எடுத்தாரு. அந்த மேட்ச்ல நாம ஜெயிச்சதும் சரியா 20 ரன்லதான். அதை யாரும் ஓவர் பில்டப்னு சொல்ல முடியாது. 42 வயசுல அவரு செஞ்சது உண்மையான வேலை.

2025-ல 14 மேட்ச்ல 196 ரன், ஸ்ட்ரைக் ரேட் 135. சிஎஸ்கே வரலாற்றுலேயே முதல் தடவையா பாயிண்ட்ஸ் டேபிள்ல கடைசி இடம். இதுக்கு அவரு மட்டும் காரணம் இல்லை. டாப் ஆர்டர் ஆடலை, ருதுராஜ் முழங்கை உடைஞ்சு பாதியில போயிட்டாரு. ஆனா ஏப்ரல் 5 டெல்லி மேட்சை நினைச்சுப் பாருங்க. டார்கெட் 184. அவரு இறங்கும்போது கிட்டத்தட்ட ஒன்பது ஓவர் மிச்சம் இருந்தது. எடுத்தது 26 பந்துல 30, நாட் அவுட். மேட்ச் 25 ரன்ல போச்சு. கடைசி ரெண்டு ஓவருக்கு இருக்கிற தோனி வேற, ஒன்பது ஓவர் நிக்க வேண்டிய தோனி வேற. இதை நான் கண்டுபிடிச்சுச் சொல்லலை. அதுக்கு முந்தின வாரமே கோச் ஃப்ளெமிங் சொல்லிட்டாரு: முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்துல ஓடி ஆட முடியாது, அதனாலதான் எப்ப இறக்கறதுன்னு பார்த்துப் பார்த்து முடிவு பண்றோம்னு.

கோச்சே சொன்னதை நாம சொன்னா மட்டும் துரோகி ஆயிடறோம்.

அதே டெல்லி மேட்ச்ல மீடியா என்ன பண்ணுச்சு? அவரோட அப்பா அம்மா ஸ்டேடியத்துக்கு வந்திருந்தாங்க. அவ்வளவுதான். கேமரா மறுபடி மறுபடி அங்கேயே போச்சு. இன்னிக்கே ரிட்டயர்மெண்ட் அறிவிப்பாம்னு ஒரு வதந்தி கிளம்பி, ஒரு மணி நேரத்துல நாடு முழுக்கப் பரவுச்சு. அழற எமோஜி போட்ட தம்ப்நெயில், பேக்ரவுண்ட்ல சோக மியூசிக். கடைசியில ஒண்ணுமே நடக்கலை. பெத்தவங்க பையன் ஆட்டத்தைப் பார்க்க வந்திருக்காங்க, அது ஒரு செய்தியா?

அவங்களுக்குச் செய்திதான். அவரு பேட்டைத் தூக்கிட்டு வெளிய வந்தாலே வியூஸ் எகிறும். 2023 ஃபைனலை ஒரே நேரத்துல 3.2 கோடி பேர் பார்த்ததா ஜியோசினிமா சொல்லுச்சு. அந்த சீசன்ல நாம ஸ்கோர் போர்டைப் பார்த்தோமோ இல்லையோ, ஸ்கிரீன் ஓரத்துல ஏறிக்கிட்டே போன வியூ கவுண்ட்டைப் பார்த்துக் கைதட்டினோம். அது நம்ம தலையை எண்ணி விளம்பரக்காரங்களுக்குக் காட்டுற மீட்டர். சரக்கு தோனின்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம், உண்மையில நாமதான் சரக்கு.

எங்க சித்தப்பா சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல பட்டாசு லேபிள் அச்சடிக்கிறவரு. சின்ன வயசுல நான் பெட்டி மேல இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் வெடி கேட்பேன். அவரு சிரிப்பாரு. "லேபிள்ல சிங்கம் போடலாம், ராக்கெட் போடலாம், எதை வேணா போடலாம்டா. உள்ள இருக்கிற மருந்துதான் வெடிக்கணும்." இந்த ஊர்ல பிறந்த நமக்கு இதை யாரும் தனியாச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோனியோட மருந்து 2024 வரைக்கும் லேபிளுக்கு ஏத்த மாதிரியே வெடிச்சது. 2025-ல மருந்து குறைஞ்சிருக்கு, ஆனா லேபிளை மட்டும் இன்னும் பெரிசாப் பிரிண்ட் பண்ணிக்கிட்டே இருக்காங்க.

இது நம்மளோட மட்டும் நடக்கிறதும் இல்லை. சச்சினோட நூறாவது சதத்துக்காக நாடே காத்திருந்த கதையை உங்க அப்பாகிட்ட கேளுங்க. 99-வது சதம் 2011 மார்ச்ல, நூறாவது 2012 மார்ச் 16-ல. நடுவுல ஒரு வருஷம் அவரு எந்த மேட்ச் ஆடினாலும் இன்னிக்கு வருமாங்கிறது மட்டும்தான் கேள்வி. கடைசியில மிர்பூர்ல பங்களாதேஷ்க்கு எதிரா வந்தது. அந்த மேட்ச்ல இந்தியா தோத்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அந்த ஆசியக் கோப்பையில நாம ஃபைனலுக்கே போகலை. அமெரிக்காவுல டாம் பிரேடின்னு ஒரு குவார்ட்டர்பேக், அங்க அவருதான் தல மாதிரி. 2022 பிப்ரவரியில ஓய்வுன்னு சொல்லிட்டு 40 நாள்ல திரும்ப வந்தாரு. 45 வயசுல ஆடின அந்தக் கடைசி சீசன்ல அவரு டீம் ஜெயிச்சதை விடத் தோத்த மேட்ச்தான் அதிகம். ஆனா சேனல்களுக்கு வருஷம் பூரா அவரு இருப்பாரா போவாராங்கிறதுதான் பேச்சு.

இப்போ எதிர்த் தரப்பு நியாயத்தையும் பேசணும். அவரை எடுத்தது வெறும் 4 கோடிக்கு, அன்கேப்டு பிளேயர் விதியில. அதே டீம்ல ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் ஆளுக்கு 18 கோடி. ஸ்டம்புக்குப் பின்னாடி கை இன்னும் மின்னல்தான். சூர்யகுமாரையும் ஃபில் சால்ட்டையும் ஸ்டம்பிங் பண்ணின வேகத்தைப் பார்த்தோம். ஏப்ரல் 14 லக்னோ மேட்ச்ல 11 பந்துல 26 அடிச்சு ஜெயிக்க வெச்சு ஆட்ட நாயகன் ஆனாரு. அந்த விருதைக் கையில வாங்கிக்கிட்டே, எனக்கு ஏன் தர்றாங்க, நூர் அகமது நல்லாப் போட்டாரேன்னு சொன்னதும் அவரேதான். மே 3-ல பெங்களூர்ல 17 வயசுப் பையன் ஆயுஷ் மாத்ரே 48 பந்துல 94 அடிச்சான். மேட்ச் ரெண்டே ரன்ல போச்சு. நான் இன்னும் கொஞ்சம் ஷாட் அடிச்சிருக்கணும், தப்பு என் மேலதான்னு தோனி மைக்ல சொன்னாரு.

கவனிச்சீங்களா? அவரைப் பத்தி நேர்மையாப் பேசற ஒரே ஆள் அவருதான். நாம பேசறதில்லை, சேனல்காரங்களும் பேசறதில்லை.

எங்க பாட்டி தீப்பெட்டி ஒட்டறவங்க. குரோஸ் கணக்குல கூலி. ஊர்லயே வேகமான கைன்னு பேரு. எழுபதைத் தாண்டினதும் கண்ணு மங்கிப்போச்சு, ஒட்டறது கோணலாப் போகும். வீட்டுல யாரும் சொல்லலை. அவங்க மனசு நோகுமேன்னு ராத்திரி அம்மா உட்கார்ந்து கோணலா இருக்கிறதையெல்லாம் பிரிச்சுத் திரும்ப ஒட்டுவாங்க. எதிர்ல "ஆத்தா, இன்னும் உங்க வேகம் யாருக்கும் வரலை"ன்னு புகழ்வோம். ஒருநாள் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்த பாட்டி பார்த்துட்டாங்க. ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. அப்புறம் ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க: "மொதல்லயே சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்ல. என்னை ஏன் பொம்மையா உட்கார வெச்சீக?"

தோனி விஷயத்துல நாம பண்றதும் இதேதான்னு எனக்குத் தோணுது. தோத்த மேட்ச்ல அடிச்ச சிக்ஸுக்கு மேளம் அடிச்சு, ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பொம்மையா உட்கார வெச்சிருக்கோம். அதை மரியாதைன்னு வேற சொல்லிக்கிறோம். இருக்கிறதும் போறதும் அவரு முடிவு, அதுல நமக்கு உரிமை இல்லை. 2020 ஆகஸ்ட் 15 சாயங்காலம் ஒரு இன்ஸ்டா போஸ்ட்ல இந்தியா ஜெர்சியைக் கழட்டி வெச்சவரு, இதையும் அவரு இஷ்டப்படி பண்ணுவாரு. ஆனா அவரு எந்த இடத்துல ஆடணும், டீமுக்கு என்ன தேவைன்னு பேச ரசிகனுக்கு முழு உரிமை இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும், இது கொஞ்சம் கசக்கும். இந்த ஜூலை 1-ந் தேதி நம்ம மாவட்டத்துல சின்னக்காமன்பட்டி பட்டாசு ஆலையில வெடி விபத்து, பல உயிர் போச்சு. அன்னிக்கு எங்க தெருவுல பல வீட்டுல அடுப்பு பத்தலை. அம்மா எனக்குப் போன் பண்ணி, தெரிஞ்சவங்க பேரா ஒவ்வொண்ணாச் சொல்லி, அவங்க நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. ரெண்டு நாள்ல என் போன்ல அந்தச் செய்தி காணாமப் போச்சு. ஜூலை 7 தலயோட 44-வது பிறந்தநாள். அதுக்கு ஒரு வாரம் வந்துட்டே இருந்தது. அதுல தோனி தப்பு எதுவும் இல்லை, அல்காரிதத்தை மட்டும் குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. எதைத் தட்டினேனோ அதைத்தான் அது எனக்குத் திரும்பக் காட்டுச்சு. அவரோட முழங்கால் நிலவரம் எனக்கு மனப்பாடம். எங்க ஊர்ல வருஷாவருஷம் விபத்து ஏன் நடக்குதுன்னு கேட்டா முழுசா ரெண்டு நிமிஷம் பேசத் தெரியாது. இதை எழுதும்போது எனக்கே வெட்கமா இருக்கு.

மே 25-ல சீசனை முடிச்சப்போ, முடிவெடுக்க நாலஞ்சு மாசம் இருக்குன்னு தோனி சொன்னாரு. அந்த நாலஞ்சு மாசம் இந்தத் தீபாவளியோட முடியுது. இனி தினமும் ஒரு தம்ப்நெயில் வரும். அவரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் மூணு விஷயம் பண்ணப் போறேன். முடிஞ்சா நீங்களும் பண்ணுங்க. நம்ம பேட்ஸ்மேன் அவுட் ஆனா, அடுத்து யார் வந்தாலும் கைதட்ட மாட்டேன். அவுட் ஆகித் திரும்புறவனும் மஞ்சள் ஜெர்சிதான் போட்டிருக்கான். ஹைலைட்ஸ் பார்க்கறதுக்கு முன்னாடி ஸ்கோர்கார்டு பார்ப்பேன். கேள்விக்குறி போட்ட ஓய்வுச் செய்தி எதையும் தொட மாட்டேன், ஃபார்வர்டும் பண்ண மாட்டேன்.

கடைசியா அந்த ஃபர்ஸ்ட் இயர் தம்பிக்கு. இப்போ நீ செகண்ட் இயர் வந்திருப்ப. அன்னிக்கு உனக்கு யாரும் பதில் சொல்லலை. ஆமாண்டா தம்பி, நாம தோத்துட்டோம். நீ கேட்டது சரிதான்.