பிளஸ் டூ முடித்ததும் ஐஐஎம்... பனியன் கம்பெனி ஊர்ப் பிள்ளைகள் எதைக் காட்டினால் சீட் கிடைக்கும்?

"பக்கத்துல ஒரு காலேஜ்ல பி.காம். சேர்ந்துக்கோ, சாயங்காலம் கம்பெனிக்கு வந்துடு." திருப்பூரில் பல வீடுகளில் மேற்படிப்புப் பேச்சு இந்த ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனா, பிளஸ் டூ முடித்த கையோடு ஐஐஎம்-க்குள் போக ஒரு வழி 2011-ல் இருந்தே இருக்கு. ஐஐஎம் இந்தூர் அந்த ஆண்டு தொடங்கிய 5 வருட மேலாண்மைப் படிப்புதான் அது, சுருக்கமா ஐபிஎம். பிறகு ரோத்தக், ராஞ்சி, ஜம்மு, புத்தகயா ஐஐஎம்-களும் இதே பாதைக்கு வந்தன.

இந்தப் படிப்புக்கு விண்ணப்பத்தை எப்படி வலுப்படுத்துவது?

சான்றிதழ்களை அடுக்கினால் போதுமா?

போதாதுங்க. அமெரிக்காவின் வார்ட்டன் மாதிரியான கல்லூரிகள் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்த வேலை எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இங்கே முதல் வடிகட்டி நுழைவுத் தேர்வு. அதில் நிற்காவிட்டால், பணம் கட்டி வாங்கிய ஆன்லைன் சான்றிதழ் பத்து இருந்தாலும் யாரும் திறந்துகூட பார்க்கப் போவதில்லை. ரோத்தக்கில் கதை கொஞ்சம் வேறு. அங்கே 10, 12-ம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் வெயிட்டேஜ் உண்டு.

தேர்வில் எங்கே சறுக்குகிறார்கள்?

இந்தூர் தேர்வில் மூன்று பகுதிகள்: கணிதத்தில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 40 நிமிடம். ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டு போக முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்-ஆஃப் வேறு. கணக்கில் புலி, ஆங்கிலம் சுமார் என்றால் வெளியேதான்.

நம்ம ஊர் காமர்ஸ் குரூப் மாணவர்களுக்கு இடிப்பது கணிதம். வணிகக் கணிதத்துக்குப் பதில் கணினிப் பயன்பாடு எடுத்திருந்தாலும் ஐபிஎம்-க்கு விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனா கேள்விகள் மடக்கை, அணிகள், வரிசை மாற்றம், நிகழ்தகவு என்று வரும். அரசின் பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்திலேயே இதில் கணிசமான பகுதி இருக்கு. லட்சம் கட்டி கோச்சிங் சேரும் முன் அந்தப் புத்தகத்தை முடிப்பது நல்லது.

டெல்லியின் ஷஹீத் சுக்தேவ் வணிகக் கல்லூரிக்குப் போக க்யூட் தேர்வு எழுதணும். தமிழிலும் எழுதலாம் என்பது ஆறுதல். ஆனா அங்கே பி.எம்.எஸ். படிப்புக்குக் கணிதம் கட்டாயம். இதை பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே யோசிக்கணும்.

இன்டர்வியூவில் என்ன பேசுவது?

திருப்பூர்ப் பிள்ளைகளின் கையில் இருக்கும் பெரிய சரக்கு இங்கேதான் வேலைக்கு ஆகும். வேடிக்கை என்னன்னா, பலரும் அதை மறைத்துவிட்டு, யூடியூபில் மனப்பாடம் செய்த 'தலைமைப் பண்பு' பதிலைச் சொல்வார்கள்.

ஒரு உதாரணம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. அதை யார் கட்டினார்கள்? திருப்பூர்க்காரர் என்று சொன்னால் தப்பு. துறைமுகத்தில் கட்டுவது அங்கே இருக்கும் இறக்குமதியாளர். 4 டாலர் டி-ஷர்ட்டுக்கு 2 டாலர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பையர் உடனே 'விலையைக் குறை' என்பார். ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் கூலியில் கை வைப்பார். கடைசி அடி பவர்டேபிள்காரருக்கும் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும். அந்தச் சங்கிலியை வீட்டில் இருந்து பார்த்த மாணவர் சொல்லும் பதிலை எந்த கோச்சிங் சென்டரும் தர முடியாது.

இதுக்கு அப்பா முதலாளியாக இருக்கணும்னு அவசியமில்லை. அம்மா செக்கிங்கில் இருக்காங்களா? ஒரு நாளில் எத்தனை பீஸ் திரும்பி வருது, எந்தத் தையலில் அதிகம், அந்த நஷ்டம் யார் தலையில் விழுது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரெண்டு மாசம் எழுதினாலே அது ஒரு புராஜெக்ட். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது, நொய்யல், சுத்திகரிப்புச் செலவு பற்றியும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாம். 'உன் ஊரின் பிரச்சினை என்ன?' என்று கேட்டால் வேறு எங்கே போய்த் தேடுவீர்கள்?

பேச்சு ஆங்கிலத்தில் என்பதுதான் பயம். தமிழ் பி.ஏ. படித்த எனக்கு அந்த நடுக்கம் புரியும். ஆனா நேரில் பார்த்த விஷயத்தைச் சொல்ல எளிய ஆங்கிலம் போதும். தெரியாததைப் பேசும்போதுதான் நாக்கு குழறும்.

பணத்துக்கு என்ன வழி?

5 வருடக் கட்டணம் 25 லட்சத்தைத் தாண்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்பவர்கள் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் வாங்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனா ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குத்தான். ஐந்து வருடமும் இழுக்க முடியாது என்றால், 3 வருடத்தில் பட்டத்தோடு வெளியேறவும் வழியிருக்கு.

இந்தூர் விண்ணப்பம் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் வாக்கில் திறக்கும். தேர்வு மே மாதம். நம்ம பொதுத்தேர்வு முடிவது மார்ச்சில். இடையில் கிடைப்பது ஒன்றரை மாசம்தான் என்பதால், தயாரிப்பை பிளஸ் ஒன் முழு ஆண்டு விடுமுறையிலேயே தொடங்கிடுங்க.